சிட்காம் எபிசோடு கட்டுரைகளுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் 'நல்ல கட்டுரை' மதிப்பாய்வு: ஒரு பயனரின் விமர்சனம்

ஆங்கில விக்கிப்பீடியாவில் சில கட்டுரைகளின் தலைப்புக்கு நேரே, வலது ஓரத்தில், பச்சை வட்டத்துக்குள் கூட்டல் குறி இட்ட சிறு சின்னம் ஒன்று இருக்கும். பெரும்பாலான வாசகர்கள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். கட்டுரையை எழுதியவர் அல்லாத இன்னொரு பயனர் அதை முழுக்கப் படித்து, ஆறு தகுதிகளோடு (நல்ல நடை, சரிபார்க்கத்தக்க மூலங்கள், போதிய விரிவு, நடுநிலை, நிலைத்தன்மை, படங்கள்) ஒப்பிட்டுப் பார்த்து, 'நல்ல கட்டுரை' என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அதன் பொருள். 2005ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் இந்த மதிப்பாய்வைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. சிட்காம் எனப்படும் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர்களின் தனித்தனி எபிசோடுகளைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுப்பதிலும் பிறர் தொகுத்தவற்றை மதிப்பாய்வதிலும் தொடர்ந்து ஈடுபட்டு வருவதால், அந்த வகைக் கட்டுரைகளுக்கு இந்தச் சேவை எவ்வளவு பயன்படுகிறது, எங்கே குறைபடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

செயல்முறை எளிது. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (அதைப் பற்றிப் பயனர்கள் விவாதிக்கும் பக்கம்) முன்மொழிவுக்கான வார்ப்புருவை (ஆயத்த அறிவிப்புக் குறியை) இட்டால், அது பொதுவான காத்திருப்புப் பட்டியலில் தொலைக்காட்சிக்குரிய பிரிவில் வந்து சேரும். அந்தக் கட்டுரையில் பெரிதாகப் பங்களிக்காத பயனர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு, மதிப்பாய்வுக்கென்றே ஒரு துணைப்பக்கத்தைத் தொடங்குவார். குறைகளை அங்கே எழுதுவார், முன்மொழிந்தவர் திருத்துவார், திருத்தங்களுக்குப் பொதுவாக ஒரு வாரம் அவகாசம் தரப்படும். முடிவில் தேர்ச்சி அல்லது நிராகரிப்பு. ஐயம் இருந்தால் இரண்டாவது கருத்தைக் கேட்கவும் வழி உண்டு. பதிப்புரிமை மீறலோ, தகுதிகளுக்கு வெகுதொலைவில் நிற்கும் நிலையோ தெரிந்தால் விரிவாகப் பார்க்காமலே நிராகரிக்கலாம். வெண்கல நட்சத்திரம் பெறும் சிறப்புக் கட்டுரைகளுக்குப் பலர் கூடி விவாதித்து ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும். இங்கே ஒரே ஒருவர் முடிவெடுக்கிறார். இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன.

சிட்காம் எபிசோடு என்பது விளம்பரங்களைக் கழித்தால் பெரும்பாலும் இருபத்திரண்டு நிமிட நேரத்துக்குள் முடியும் சின்னப் படைப்பு. பார்த்தவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள், அவர்களில் பலருக்கு வசனங்கள் மனப்பாடமாகவே இருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரைகள் எளிதில் கெட்டுப்போகின்றன. தனக்குத் தெரிந்த நகைச்சுவைத் துணுக்குகளை எல்லாம் ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் அதற்கு விளக்கம் சேர்ப்பார், மூன்றாமவர் வேறு எபிசோடோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதுவார், கடைசியில் கதைச்சுருக்கம் மட்டுமே வீங்கிப்போய் நிற்கும். எபிசோடு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை தேவைதானா என்ற தகராறு 2007, 2008ஆம் ஆண்டுகளில் முற்றி, ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு வரை இரண்டு வழக்குகளாகப் போனது. அந்தப் படைப்போடு தொடர்பில்லாத நம்பகமான மூலங்கள் அந்த எபிசோடைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதே இன்று முதல் கேள்வி. எழுதியிருந்தால் கட்டுரை நிற்கும். இல்லாவிட்டால் சீசன் பட்டியலில் ஒரு பத்தியாக அடங்கிவிடும். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு நேரே மதிப்பாய்வுக்கு வருபவர்கள் மதிப்பாய்வாளரின் நேரத்தையும் தங்கள் நேரத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக 'தி ஆஃபீஸ்' தொடரின் அமெரிக்க வடிவத்தில் வந்த 'டின்னர் பார்ட்டி' எபிசோடை எடுத்துக்கொள்வோம். நான்காவது சீசனைச் சேர்ந்த இது 2008 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசியில் ஒளிபரப்பானது. லீ ஐசன்பெர்க், ஜீன் ஸ்டப்னிட்ஸ்கி எழுதி, பால் ஃபீக் இயக்கியது. ஸ்க்ரான்டன் நகரத்துக் காகித நிறுவனக் கிளையின் மேலாளர் மைக்கேல், வேலை இருப்பதாகப் பொய் சொல்லி ஊழியர்களான ஜிம், பேம் இருவரின் மற்ற திட்டங்களை விலக்கிவிட்டு, அவர்களைத் தன் வீட்டு விருந்துக்கு வரவழைக்கிறான். அங்கே மைக்கேலுக்கும் அவனோடு வாழும் காதலி ஜானுக்கும் இடையிலான சண்டை விருந்தினர் கண்முன்னே வெடிக்கிறது. இறைச்சி வேக இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்பது வந்தபிறகுதான் விருந்தினருக்குத் தெரியும். நகைச்சுவையும் சங்கடமும் பிரிக்க முடியாமல் கலந்த கதை. ஆகவே எழுதுவதற்குக் கடினமான கதை. இதைப் போன்ற ஒரு எபிசோடை வைத்துப் பார்த்தால்தான் மதிப்பாய்வின் ஒவ்வொரு தகுதியும் எங்கே கடிக்கிறது என்பது விளங்கும்.

முதலில் கதைச்சுருக்கம். எபிசோடு கட்டுரைகளில் இது நானூறு சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சிக் கட்டுரைகளுக்கான நடைக்கையேடு சொல்கிறது. எழுதும் காலம் நிகழ்காலம். எபிசோடே இதற்கு மூலம் என்பதால் தனியாக மேற்கோள் சுட்டத் தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: திரையில் தெரிவதை மட்டுமே எழுதலாம், பொருள் சொல்லக் கூடாது. 'மைக்கேலை அடக்கி ஆளும் ஜான், விருந்தினர் முன்னிலையில் அவனை அவமானப்படுத்தி இன்பம் காண்கிறாள்' என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ரசிகர் பலர் இதை ஒப்புக்கொள்ளக்கூடும். ஆனாலும் 'அடக்கி ஆளும்' என்பது ஒரு தீர்ப்பு, 'இன்பம் காண்கிறாள்' என்பது ஒரு ஊகம். இரண்டுக்கும் விமர்சகர் ஒருவரின் மேற்கோள் வேண்டும், அந்த மேற்கோளுக்கு உரிய இடமும் கதைச்சுருக்கம் அல்ல. நல்ல மதிப்பாய்வாளர் இதை இப்படி மாற்றச் சொல்வார்: 'விருந்தினர் முன்னிலையில் இருவரின் வாக்குவாதம் முற்ற, ஜான் டண்டி விருதுக் கோப்பையை எறிந்து மைக்கேலின் பிளாஸ்மா தொலைக்காட்சியை உடைக்கிறாள்.' (டண்டி என்பது மைக்கேல் தன் ஊழியர்களுக்கு வழங்கும் விருது.) சொற்கள் கூடிவிட்டன என்றாலும் ஊகம் போய்விட்டது; எபிசோடை ஓடவிட்டு எவரும் சரிபார்க்கலாம்.

எதை விடுவது என்பது அதைவிடக் கடினமான முடிவு. தன் வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டதாகப் பொய் சொல்லி ஜிம் நழுவப் பார்ப்பது எல்லோருக்கும் பிடித்த இடம். ஜானின் முன்னாள் உதவியாளன் பாடிய பாட்டு குறுந்தட்டில் ஒலிப்பது அதைவிடப் பிடித்த இடம். நானூறு சொற்களில் இரண்டும் அடங்காது என்றால், கதையின் போக்கை எது மாற்றுகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். அந்தப் பாட்டைப் பற்றி விமர்சகர்கள் எழுதியிருந்தால் அது வரவேற்புப் பகுதியில் உரிய இடத்தைப் பெறும். முன்மொழிபவர்கள் மனம் நோவது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் வெட்டச் சொல்லும் மதிப்பாய்வாளர் கட்டுரைக்கு நன்மையே செய்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்தது தயாரிப்புப் பகுதி. எபிசோடு கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. 'டின்னர் பார்ட்டி'க்கு இந்தப் பகுதி வளமானது. ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தம் 2007 நவம்பர் 5 அன்று தொடங்கியபோது, இதன் கூட்டு வாசிப்பு (நடிகர்கள் சேர்ந்து அமர்ந்து வசனத்தைப் படிப்பது) முடிந்து, படப்பிடிப்பு நடக்க வேண்டிய தறுவாய். போராட்டக்காரர்களின் மறியலைத் தாண்டி வேலைக்குச் செல்ல மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கேரல் மறுத்துவிட்டதால் படப்பிடிப்பு நின்றது. வேலைநிறுத்தம் 2008 பிப்ரவரி 12 அன்று முடிந்த பிறகே எடுக்கப்பட்டு, ஏறத்தாழ ஐந்து மாத இடைவெளிக்குப் பின் தொடர் திரும்பிவந்த முதல் எபிசோடாக இது ஒளிபரப்பானது. இவை ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் கிடைக்கும்.

சிக்கல் இவற்றை ஒன்றோடொன்று கோக்கும்போது வருகிறது. நீண்ட இடைவெளி இருந்தது என்று ஒரு மூலம் சொல்கிறது. பார்வையாளர் எண்ணிக்கை இவ்வளவு என்று இன்னொரு மூலம் சொல்கிறது. 'ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்ததால் பார்வையாளர் எண்ணிக்கை உயர்ந்தது' என்று யாராவது எழுதிவிட்டால், இரண்டு மேற்கோள்களும் சரியாகவே இருந்தும் வாக்கியம் தவறாகிவிடுகிறது. அந்தக் காரணத்தை இரண்டு மூலங்களில் எதுவும் சொல்லவில்லை, தொகுத்தவர்தான் சொல்கிறார். மூலங்களைச் சேர்த்துப் புதிய முடிவுக்கு வருவதும் சொந்த ஆய்வுதான் என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. மேற்கோள் எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. மூலங்களைத் திறந்து, வாக்கியத்தின் 'ஆல்', 'எனவே', 'இதன் விளைவாக' என்ற இணைப்புகளுக்குத் தனியாக ஆதாரம் தேடுபவருக்குத்தான் தெரியும். இந்தச் சேவை தரக்கூடிய மிகப் பெரிய பயன் இதுவே என்று நினைக்கிறேன். எழுத்துப்பிழையைத் திருத்த எத்தனையோ பேர் வருவார்கள், கருவிகளும் இருக்கின்றன. மூலம் சொல்லாததைக் கட்டுரை சொல்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேறு எவரும் வருவதில்லை.

மேற்கோள்களில் சிலவற்றையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்பது அண்மை ஆண்டுகளில் மதிப்பாய்வு அறிவுரையிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. மிகவும் வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

மூலங்களின் தரத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சிட்காம் கட்டுரைகளுக்கு மூலங்கள் நிறைய இருப்பதுபோல் தோன்றுமே தவிர, பயன்படுத்தத் தக்கவை குறைவு. திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியின் துணுக்குத் தகவல்கள் பயனர்களே எழுதுபவை என்பதால் ஏற்கப்படுவதில்லை. ரசிகர்கள் நடத்தும் விக்கிகளும் அப்படியே. டிவிடி ஒலி விளக்கவுரைகள் தயாரிப்புப் பகுதிக்கு அருமையான மூலம். 'தி சிம்ப்சன்ஸ்' எபிசோடு கட்டுரைகளில் ஏராளமானவை நல்ல கட்டுரைத் தகுதியை எட்டியதற்கு, அதன் டிவிடி தொகுப்புகளில் எபிசோடுதோறும் படைப்பாளர்களின் விளக்கவுரை இருந்ததும் முக்கியமான காரணம். 'தி ஆஃபீஸ்' தொடரைப் பொறுத்தவரை, அதில் நடித்த ஜென்னா ஃபிஷரும் ஏஞ்சலா கின்சியும் 2019 அக்டோபரில் தொடங்கிய 'ஆஃபீஸ் லேடீஸ்' பாட்காஸ்ட் இருக்கிறது. எபிசோடு எபிசோடாகப் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் இவை படைப்போடு தொடர்புடையவர்களின் சொற்கள். படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதற்கு ஆதாரமாகலாம்; எபிசோடு மகத்தானது என்பதற்கு ஆதாரமாக முடியாது. ஒலி மூலத்தைச் சுட்டும்போது எத்தனையாவது நிமிடத்தில் அந்தச் செய்தி வருகிறது என்று குறித்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஒரு மணி நேரப் பேச்சை முழுக்கக் கேட்டுத்தான் ஒரு வரியைச் சரிபார்க்க முடியும். நான் மதிப்பாய்வில் முதலில் கேட்பது இதைத்தான்.

காலம் கடந்து வரும் நினைவுகூரல்களிலும் எச்சரிக்கை வேண்டும். 'டின்னர் பார்ட்டி' ஒளிபரப்பாகிப் பத்தாண்டுகள் நிறைந்த 2018ஆம் ஆண்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அதை உருவாக்கியவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்து நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ஒரே எபிசோடுக்கு இப்படி ஒரு மூலம் கிடைப்பது அரிது. ஆயினும் பத்தாண்டுகளுக்குப் பின் ஒருவர் நினைவிலிருந்து சொன்னதை, நடந்த நாளில் பதிவான செய்தி போல எழுதக் கூடாது. 'இன்னார் 2018இல் நினைவுகூர்ந்தபடி' என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் போதும். வாசகருக்குத் தகவலின் வயது தெரிந்துவிடும்.

பழைய மூலங்கள் மறைந்துபோவது இன்னொரு தொல்லை. எபிசோடு விமர்சனங்களுக்குப் பெயர்பெற்ற 'டெலிவிஷன் விதவுட் பிட்டி' தளம் 2014இல் நிறுத்தப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கைகளுக்கு எல்லோரும் சுட்டிவந்த 'டிவி பை த நம்பர்ஸ்' 2020இல் மூடப்பட்டது. இணைய ஆவணகத்தில் சேமித்த படி இருந்தால் அதன் இணைப்பையும் சேர்த்தே தர வேண்டும். தகுதிகள் இதைக் கட்டாயமாக்கவில்லை. செத்த இணைப்பு என்பதற்காக மட்டும் ஒரு மேற்கோளை ஒதுக்கவும் முடியாது. இருந்தாலும் சரிபார்க்க வருகிறவரின் கையில் எதையாவது தர வேண்டும் அல்லவா? முன்மொழியும் முன்பே இணைப்புகளை எல்லாம் ஒருமுறை சொடுக்கிப் பார்த்துவிடுவது மதிப்பாய்வாளருக்குச் செய்யும் மரியாதை.

வரவேற்புப் பகுதியில் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. முதல் விமர்சகர் இப்படிப் புகழ்ந்தார், இரண்டாமவர் அப்படிப் புகழ்ந்தார், மூன்றாமவர் இந்த மதிப்பெண் தந்தார் என்று ஆள்வாரியாக நீளும். நடிப்பைப் பற்றி என்ன சொன்னார்கள், சங்கடமான நகைச்சுவையை யார் ஏற்றார்கள், யார் ஏற்கவில்லை, ஒளிபரப்பான வாரத்தில் வந்த கருத்தும் பல ஆண்டுகள் கழித்து வந்த கருத்தும் எப்படி வேறுபடுகின்றன என்று பொருள்வாரியாகப் பிரித்தால்தான் அது கட்டுரையாகும். 'விமர்சகர்கள் ஒருமனதாகப் பாராட்டினர்' என்று தொடங்குவதற்கு, அப்படிச் சொல்லும் ஒரு மூலம் வேண்டும். நான்கு பாராட்டுகளைத் தொகுத்தவரே எண்ணிப் பார்த்து எழுதக் கூடாது. விருதுகள் பற்றிய பகுதியிலும் துல்லியம் வேண்டும். 'டின்னர் பார்ட்டி' 2008ஆம் ஆண்டு எம்மி விருதுகளில் நகைச்சுவைத் தொடர் எழுத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டது, வெல்லவில்லை. பரிந்துரைக்கும் வெற்றிக்கும் உள்ள வேறுபாட்டை மங்கலாக்கும் வாக்கியங்கள் ரசிகர்கள் எழுதும் கட்டுரைகளில் அடிக்கடி வரும்.

நேரடி மேற்கோள்கள் அதிகமாக இருந்தால் பதிப்புரிமை மீறலைக் கண்டறியும் கருவி உயர்ந்த சதவீதத்தைக் காட்டும். அந்த எண்ணைக் கண்டதும் புதிய மதிப்பாய்வாளர்கள் பதறிவிடுகிறார்கள். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதும், எபிசோடின் பெயரும், நடிகர்களின் பெயர்களும் ஒத்துப்போவதால் வரும் எண் அது. ஒத்த பகுதிகளைத் தனித்தனியே திறந்து பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். ஆனாலும் எண் உயர்ந்திருப்பது, விமர்சகர்களின் சொற்களை அப்படியே அடுக்கியிருக்கிறார்கள், தம் சொற்களில் சுருக்கவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அதைக் குறிப்பிட்டுச் சொல்வது தகும்.

பார்வையாளர் எண்ணிக்கை இன்னொரு பொறி. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனத்தின் அளவீட்டில் இரண்டு எண்கள் சாய்கோட்டுக்கு இருபுறமும் வரும். முதலாவது, தொலைக்காட்சி உள்ள எல்லா வீடுகளிலும் எத்தனை சதவீதம் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தது என்பது. இரண்டாவது, அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் எத்தனை சதவீதம் என்பது. 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான 'மேஷ்' தொடரின் இறுதி எபிசோடுக்குக் கிடைத்த 60.2, 77 என்ற இரு எண்களை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: அமெரிக்காவில் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் பத்துக்கு ஆறு அதைப் பார்த்தன, அன்றிரவு தொலைக்காட்சியைப் போட்டிருந்த வீடுகளில் நான்கில் மூன்றுக்கும் மேல் பார்த்தன. இரண்டையும் குழப்பி எழுதும் கட்டுரைகள் ஏராளம். 18 முதல் 49 வயது வரையிலான பிரிவின் எண்ணையும் வீடுகளின் எண்ணையும் ஒரே வரிசையில் வைத்து, பார்வையாளர் குறைந்தனர் அல்லது கூடினர் என்று முடிவு கட்டும் கட்டுரைகளும் உண்டு. இவற்றைப் பிடிக்கும் மதிப்பாய்வாளர் கிடைத்தால் முன்மொழிந்தவர் நன்றி சொல்ல வேண்டும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தகவற்சட்டத்தில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கப் பெட்டி) எபிசோடின் ஒரு காட்சியை அழகுக்காக வைக்க முடியாது. பதிப்புரிமை உள்ள படம், குறைந்த தெளிவில், கட்டுரையில் விமர்சகர் பேசும் ஒரு விஷயத்தை விளங்கவைப்பதற்கு இன்றியமையாததாக இருந்தால் மட்டுமே அனுமதி. அது இல்லாவிட்டால் நடிகர் அல்லது இயக்குநரின் கட்டற்ற உரிமமுள்ள படம் ஒன்றை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்திலிருந்து எடுத்து வைக்கலாம். படமே இல்லாவிட்டாலும் தேர்ச்சி பெறலாம்.

நடுநிலையும் நிலைத்தன்மையும் பெரும்பாலான எபிசோடு கட்டுரைகளில் சிக்கல் தருவதில்லை. தரும்போது கடுமையாகத் தரும். ஜான் கிளீசும் கோனி பூத்தும் எழுதிய பிரித்தானிய சிட்காம் 'ஃபால்ட்டி டவர்ஸ்' மொத்தம் பன்னிரண்டே எபிசோடுகள். அதில் 1975 அக்டோபர் 24 அன்று பிபிசி 2இல் ஒளிபரப்பான 'தி ஜெர்மன்ஸ்' எபிசோடை, மேஜர் பாத்திரம் பேசும் இனவெறிச் சொற்களின் காரணமாக, 2020 ஜூனில் பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனமான யுகேடிவி தன் ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்து நீக்கி, கிளீஸ் உள்ளிட்டோரின் கண்டனத்துக்குப் பின் சில நாள்களிலேயே எச்சரிக்கைக் குறிப்போடு மீண்டும் சேர்த்தது. இப்படி ஒரு செய்தி வெடிக்கும் வாரத்தில் அந்த எபிசோடின் கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்புவது வீண். ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் மாறி மாறி நீக்கும் தொகுத்தல் போர் நடக்கும் பக்கம் நிலைத்தன்மைத் தகுதியை எட்டாது. நாசவேலையை நீக்கி முந்தைய நிலைக்கு மீட்பதோ, மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்களைச் செய்வதோ நிலையின்மையாகக் கருதப்படாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புயல் அடங்கிய பிறகு எழும் கேள்விதான் மதிப்பாய்வாளரின் நிதானத்தைச் சோதிக்கிறது. 1975இல் வந்து, பல ஆண்டுகளாக விமர்சகர்கள் எழுதிவரும் ஓர் எபிசோடைப் பற்றிய கட்டுரையில், 2020இன் சில நாள்களுக்கு எவ்வளவு இடம் தருவது? பாதிக் கட்டுரையை அதற்கே கொடுத்தால் எடை சாய்ந்துவிடும். ஒரே வரியில் கடந்துவிட்டால் முக்கியமான விவாதத்தை மறைத்ததாகும். இதற்குச் சூத்திரம் இல்லை. மூலங்கள் எந்த அளவில் எழுதியிருக்கின்றனவோ அந்த அளவில் எழுதுவது என்பது கொள்கை. அதை நடைமுறையில் எடைபோட, இரு தரப்பின் கட்டுரைகளையும் படித்த ஒரு மனிதர் வேண்டும். நல்ல மதிப்பாய்வு அந்த மனிதரைத் தருகிறது.

இனி குறைகள். காத்திருப்புப் பட்டியல் எப்போதும் நீளம். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தேக்கத்தைக் குறைக்க அவ்வப்போது தன்னார்வலர்கள் மதிப்பாய்வு இயக்கங்களை நடத்துகிறார்கள். அப்போது பட்டியல் சுருங்கி, பிறகு மீண்டும் வளர்கிறது. அதைவிடப் பெரிய குறை, தரம் மதிப்பாய்வாளருக்கு மதிப்பாய்வாளர் மாறுவது. ஆறு தகுதிகளையும் அட்டவணையாக இட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி என்ற குறியைப் போட்டுவிட்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் தேர்ச்சி கொடுத்த பக்கங்களை எவரும் திறந்து பார்க்கலாம், எல்லாமே பொதுவில்தான் இருக்கின்றன. மறுபக்கத்தில், தகுதிகளில் இல்லாதவற்றை எல்லாம் கேட்டு, சிறப்புக் கட்டுரைக்குரிய தரத்தை நல்ல கட்டுரையிடம் எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர் எந்தத் தகுதியின் கீழ் கேட்கிறார் என்பதைப் பணிவாகக் கேட்கும் உரிமை முன்மொழிந்தவருக்கு உண்டு. அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

பச்சைச் சின்னத்துக்குக் காலாவதித் தேதி இல்லை என்பதும் வாசகர் அறிய வேண்டியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தேர்ச்சி பெற்ற ஒரு எபிசோடு கட்டுரை, இன்று ஏற்கப்படாத மூலங்களோடு, அதே சின்னத்தைத் தாங்கி நிற்கலாம். தகுதியை மறுபரிசீலனை செய்ய நடைமுறை இருக்கிறது. யாராவது கவனித்து எழுப்பினால்தான் அது நடக்கும். ஆகவே சின்னத்தைப் பார்த்ததும் பேச்சுப் பக்கத்துக்குச் சென்று, எந்த ஆண்டில் மதிப்பாய்வு நடந்தது, மதிப்பாய்வாளர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இத்தகைய கட்டுரைகளை மொழிபெயர்ப்போருக்கு இது மேலும் முக்கியம். ஆங்கிலத்தில் கிடைத்த தகுதி மொழிபெயர்ப்புக்குத் தானாக வந்துவிடாது. மூலக் கட்டுரையில் இருந்த பிழை மட்டும் அப்படியே வந்துவிடும். மொழிபெயர்க்கும்போது எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) குறிப்பிடுவதும் உரிமத்தின் நிபந்தனை.

இந்தக் குறைகள் எல்லாம் இருந்தும், சிட்காம் எபிசோடு கட்டுரை எழுதும் ஒருவருக்கு இந்தச் சேவையை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். தனக்குப் பிடித்த படைப்பைப் பற்றி எழுதுபவருக்குத் தன் பிடித்தம் எந்த வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது என்பது தெரிவதில்லை. அந்த எபிசோடைப் பார்த்தே இராத ஒருவர் கேட்கும் 'இவர் யார், ஏன் இங்கே வருகிறார்' என்ற கேள்வி, நூறு ரசிகர்கள் படித்தும் கேட்காத கேள்வி.

முன்மொழிபவர்கள் கட்டுரை ஒன்றை அனுப்பும்போதே, வரிசையில் நிற்கும் வேறொன்றை எடுத்து மதிப்பாய்வு செய்துகொடுப்பது நல்ல வழக்கம். விதி அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பட்டியல் நகர அதுவே வழி. முதல் மதிப்பாய்வுக்கு எபிசோடு கட்டுரை பொருத்தமானது. நீளம் குறைவு, படைப்பை ஒரே அமர்வில் பார்த்துவிடலாம், மேற்கோள்களில் பெரும்பாலானவை இணையத்திலேயே கிடைக்கும். தயாரிப்புப் பகுதியிலிருந்து சிலவற்றையும் வரவேற்புப் பகுதியிலிருந்து சிலவற்றையும் எடுத்து, மூலத்தைத் திறந்து, கட்டுரையின் வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கட்டுரையின் எந்தப் பதிப்பின் எந்த எண்ணுள்ள மேற்கோளைப் பார்த்தீர்கள், அது வாக்கியத்தை முழுக்கத் தாங்குகிறதா, ஒரு பகுதியை மட்டும் தாங்குகிறதா என்று மதிப்பாய்வுப் பக்கத்தில் எழுதிவையுங்கள். மேற்கோள் எண்கள் பிறகு மாறிவிடும் என்பதால் பதிப்பின் இணைப்பையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். பல ஆண்டுகள் கழித்து மறுபரிசீலனைக்கு வருபவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.